மேல்மாடியை அளந்த நாள்

பெர்மிட் புதுப்பிக்க இந்த முறை
லெவிப் பணமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் போதாதாம்.
'விதி மாறிடுச்சிக்கா' என்றான் ஏஜெண்டு குணாளன்,
வாயில் என் கடை வடை.
'ஆளு தூங்குற எடத்த அளந்து எழுதணும்.
தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு.
கட்டில் தனி. பூட்டு வெச்ச அலமாரி தனி.
ஒங்க அஞ்சு பேருக்குப்
பதினெட்டு சதுர மீட்டர் காட்டுங்க, போதும்.'

காட்டுங்க என்றான்.
இருக்கா என்று கேட்கவில்லை.

லெபோ பாசாரில் என் கடைக்கு மேலே
பதினேழு படி.
ஒரு கிலோ முட்டைக்கோஸில் எத்தனை இலைக்குப் பொரியல் வரும் என்று
உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
மேலே கடைசியாக ஏறியது
கூரை ஒழுகிய வருடம்.

மதியக் கூட்டம் வடிந்து
அண்டாக்கள் கவிழ்ந்த மூன்று மணிக்கு
காளீஸ்வரனைக் கூப்பிட்டேன்.
பரோட்டா கல்லில் நிற்பவன், பரமக்குடிப் பக்கம்.
துணிநாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு
எதிர்ச்சுவரில் குந்தினான்.

ஐந்து மெத்தை.
ஒரே பிளக்கிலிருந்து ஐந்து வயர்.
ரொபிகுல் தலைமாட்டில்
என் கடையின் காலி மைலோ டின்,
அதில் சீப்பு, பல்பொடி, பிரிக்காத ஒரு வளையல் பெட்டி.
என்னைப் பார்த்ததும் ஈரத் துண்டை
யாரோ அவசரமாய்க் கொடியிலிருந்து உருவினார்கள்,
வீடு என்னுடையது என்பது போல.

அகலம் மூன்று மீட்டர் முப்பது.
நீளம் ஐந்து நாற்பத்தாறு.
போனில் பெருக்கினேன்:
பதினெட்டும் கொஞ்சமும்.
'சரியா வந்துடுச்சிக்கா' என்றான் காளீஸ்வரன்,
நான் எண்ணைச் சொல்லும் முன்னாலேயே.

நாடாவைச் சுருட்டும்போதுதான் கண்டேன்.
நுனி மடிந்திருந்தது.
ஆறு சென்டிமீட்டர்,
அவன் கட்டைவிரலின் எண்ணெய் ரேகையோடு.

அவனும் பெருக்கிப் பார்த்திருக்கிறான்,
எனக்கு முன்பே, பல ராத்திரி.
அந்த ஆறு சென்டிமீட்டர் இல்லையென்றால்
ஐந்தில் ஒருவன் விமானம் ஏறுவான்;
கடைசியாய் வந்தவன் யார் என்று
எல்லாருக்கும் தெரியும்.

நான் திட்டவில்லை.
தொண்டையில் வந்தது வேறு ஏதோ.
ஏலச்சீட்டில் ஒரு மாதம் நான் மடித்த நுனி
ஞாபகம் வந்தது,
அதை இங்கே எழுதப் போவதில்லை.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
பன்னிரண்டு மூட்டை பொன்னி,
பெரிய வெங்காயம், அப்பளக் கட்டு.
ஜன்னலும் அந்தப் பக்கம்தான்.
புழு வைக்கக் கூடாது என்று
நானேதான் அரிசிக்குக் காற்று வைத்தேன்.

ராத்திரி பத்து மணிக்குத் தடுப்பைப் பிரித்தோம்.
ஆணி ஒவ்வொன்றும் கத்தியது.
ஜன்னல் திறந்ததும்
படகுத்துறைப் பக்கத்துக் காற்று வந்து
ஐந்து வயரையும் ஆட்டிப் பார்த்தது.
இப்போது அரிசி என் வீட்டு ஹாலில்.
சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே
ஒருக்களித்து நடக்கிறேன்.
'ஒனக்குப் பைத்தியம்' என்கிறார் என் வீட்டுக்காரர்,
மூட்டைமேல் காலை நீட்டி நியூஸ் பார்த்துக்கொண்டு.

பாரத்தில் இருபத்து நான்கு என்று எழுதினேன்,
நுனியை நிமிர்த்தி அளந்த இருபத்து நான்கு.
அதிகாரி இன்னும் வரவில்லை.
சிஸ்டம் நின்றுவிட்டதாம்; குணாளன்
இரண்டு வடை கூடுதலாய்த் தின்கிறான்.

அலமாரிக்கு ஐந்து பூட்டு வாங்கினேன்.
என் மேசை இழுப்பறையில் கிடந்த பாஸ்போர்ட்டுகளை
அவரவர் கையில் கொடுத்தேன்.
ரொபிகுல் தன் படத்தை வெகுநேரம் பார்த்தான்,
யாரிது என்பது போல.

பூட்டுக்கு இரண்டு சாவி.
ஐந்தைக் கொடுத்தேன்.
மற்ற ஐந்தும் கல்லாப்பெட்டியில்,
சில்லறைக்கு அடியில்.
அவை யாரிடம் இருக்க வேண்டும் என்று
பாரத்தில் ஒரு கட்டமும் இல்லை.
பத்து காசு தேடும்போதெல்லாம்
விரலில் தட்டுகிறது.