நாற்பத்தெட்டாவது நட்டு

கோதாவைப் பூட்ட நாற்பத்தெட்டு நட்டு.
ஈப்போ ஆட்டத்துக்குப் பிறகு நாற்பத்தேழு.
காணாமல்போன ஒன்றின் இடத்தில்
லோரிக் கயிறு, நானே கட்டியது.
எந்த மூலை என்று எனக்குத் தெரியும்.
அந்தப் பக்கம் யாரையும் வீசமாட்டேன்.

சிலிம் ரிவர், சமூக மண்டபம்.
வெளியே பசார் மாலாம்.
அப்பம் பாலிக் சுடும் வாசம்
சன்னல் வழியே வந்து
முதல் வரிசையில் உட்காருகிறது.
நாற்காலி நூற்றிருபது,
ஆள் எழுபது இருக்கலாம்.
டிக்கெட் பதினைந்து வெள்ளி.
தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து போதும் என்று
முதலாளி யாப்போடு சண்டைபிடித்தேன்.
நான் ஜெயித்த ஒரே சண்டை அது.

பெயர் நேசமாறன்.
சுவரொட்டியில் மெட்ராஸ் மகாராஜா.
மெட்ராஸை நான் பார்த்ததில்லை.
கடப்பிதழில் இருப்பது ஹட்யாய் முத்திரை மட்டும்.
பிறந்தது இங்கே, ஆறாம் கட்டையில்,
செம்பனை வருவதற்கு முன்பு, பால்மரத்து நாளில்.
தலைப்பாகை, கிள்ளானில் வாங்கிய சேலைத் துண்டு.
"கெட்டவன்னா தூரத்துல இருந்து வரணும்லா"
என்பது யாப்பின் கணக்கு.
ஏறி நின்று மீசையை முறுக்குவேன்.
என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்களின் பிள்ளைகள்
"ஊருக்குப் போடா" என்று கத்துவார்கள்.
எந்த ஊருக்கு என்று கேட்பதற்குள்
மணி அடித்துவிடும்.

பத்தொன்பது வருடமாக விழுகிறேன்.
தாடையை நெஞ்சில் புதைத்து,
மூச்சை விட்டு,
முழு முதுகும் ஒரே சமயத்தில் பலகையைத் தொட வேண்டும்.
சத்தம் பெரிதாக வரும்.
வலி அதைவிடக் கொஞ்சம் சின்னது.
பகலில் குலை லோரி ஓட்டுகிறேன்.
ஆலை எடைமேடையில் ஏறும்போதெல்லாம்
என் இடுப்பையும் சேர்த்தே நிறுக்கிறார்கள் என்று நினைப்பேன்.

இன்றைக்கு எதிராளி ஹக்கிமி,
இருபத்திரண்டு வயது, மேடைப் பெயர் கிலாட்.
முழங்கால் கட்டு என்னுடையது, இரவல்.
எட்டாவது நிமிடம் பாய வேண்டும்,
பத்தாவது நிமிடம் நான் தோற்க வேண்டும்.

பாய்ந்தான்.
கயிறு கட்டிய மூலையிலிருந்து.
சொல்லியிருந்தேன், மறந்துவிட்டான்.
கம்பம் ஒரு விரல்கடை அசைந்தது, அவ்வளவுதான்.
தலை முதலில் வருவது காற்றிலேயே தெரிந்தது.
இரண்டு கையாலும் அள்ளினேன்,
முக்கால்வாசி.
மீதிக் கால்வாசி பலகையில் மோதியது.

கண் திறந்திருந்தது.
உள்ளே ஆள் இல்லை.
மூக்கருகே கன்னத்தை வைத்தேன், மூச்சு இருந்தது.
நடுவர் சூன் கியட் என்னையே பார்க்கிறார்.
கையைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தியிருக்க வேண்டும்.
அவன் அம்மா மூன்றாவது வரிசையில்
கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கழுத்தை அசைக்கக் கூடாது.
ஆகவே நான் நகர்ந்தேன்.
நெஞ்சைப் பிடித்து, தள்ளாடி,
அவன் பக்கத்தில் மல்லாந்து,
அவன் கையை எடுத்து
என் மார்பின்மேல் போட்டுக்கொண்டேன்.
ஒன்று.
இரண்டு.
கை நழுவப் பார்த்தது,
சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று.

மண்டபமே எழுந்துவிட்டது.
தூக்குப் படுக்கை வந்ததையும்
ஆட்டத்தில் சேர்த்துக் கைதட்டினார்கள்.
வாசலில் அவனுக்கு நினைவு வந்தது.
"சியாப்பா மெனாங்?"
நீதான் என்றேன்.
அவன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

யாப் நூற்றிருபது வெள்ளி கொடுத்தார்,
எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.
தஞ்சோங் மாலிம் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறார்களாம்,
காலையில்தான் தெரியும்.

புனிதமலர் இதுவரை ஆட்டம் பார்க்க வந்ததே இல்லை.
கையுறை ஆலையில் வேலை முடிந்து
இன்றைக்கென்று வந்திருக்கிறாள்.
நாற்காலிகளை அடுக்கி முடித்துக் கேட்டாள்:
"அந்தப் பையன் கைய
நீங்கதானே தூக்கி வச்சீங்க?"

ஸ்பானரைப் பிடி என்றேன்.
நாற்பத்தேழையும் கழற்றி டின்னில் போட்டோம்.
கயிற்று முடிச்சு மட்டும் வரவில்லை.
அவ்வளவு இறுக்கித்தான் கட்டியிருந்தேன்.
குனிந்து,
பல்லால் கடித்து
அவள்தான் அவிழ்த்தாள்.