எட்டு

மார்ச் மாதம் வில்மார் பெந்தாங்கோர்
எல்லாவற்றுக்கும் எட்டு என்றார்.

சமையல்? எட்டு.
குளியல்? எட்டு.
வெளியே போய்வருவது? அதுவும் எட்டு.
தலை நிமிரவில்லை, நான் கேள்வியை முடிக்கவுமில்லை.

படிவம் நான் உண்டாக்கியதல்ல.
ஒன்று முதல் பத்துவரை கட்டங்கள்.
செய்ய முடிகிறதா என்று ஒரு வரிசை,
செய்தது பிடித்திருக்கிறதா என்று இன்னொன்று.
பதினாறு வாரம் கழித்து அதே கேள்விகள்.
பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால்
நான் வாங்கும் சம்பளம் செல்லுமா என்று தெரிந்துவிடும்.

அன்று அந்த வீட்டில்
அண்ணி கொண்டுவந்த குண்டான் மூடி திறக்காமல் இருந்தது,
அதனடியில் முந்தாநாளையது.
இழுத்து மூடிய சன்னல்.
மருத்துவமனையில் பதினோரு மாதம்,
அதற்கு முன் இருபத்தாறு வருடம்
மோந்தேவிதேயோ நகரப் பேருந்தில் சீட்டுக் கிழித்தவர்
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
வேண்டும் என்று எதுவும் இல்லாதவருக்கு
எட்டாதது என்று எது இருக்கிறது?
எட்டு என்றே எழுதிக்கொண்டேன்.

மாவு பிசைவதில் தொடங்கினோம்.
மணிக்கட்டுவரை மாவுக்குள் விட்ட கை
பத்தொன்பது நிமிடம் அங்கேயே இருந்தது.
நான் கடிகாரம் பார்த்தேன். அதுதான் என் வேலை.

எங்கள் ஊரில் மழை பெய்தால் தோர்த்தா பிரித்தா சுடுவோம்:
உருட்டித் தட்டி, நடுவில் துளையிட்டு,
மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது.
வெயிலில் சுட்டாலும் குற்றமில்லைதான்.
வில்மார் ஒப்பவில்லை.
"வானம் சொல்லட்டும்."
அப்படித்தான் சன்னல் திறந்தது.
சன்னலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மே மாதத்தில் முதல் ஈடு கருகியது.
இரண்டாவது உள்ளே வேகவில்லை.
ஜூனில் பேருந்து நிறுத்தம்வரை வந்தார்,
மூன்று வண்டிகளைப் போகவிட்டார்.
நான்காவதில் ஏறி
சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"கோணலாகக் கிழித்திருக்கிறான்" என்றார்.
நாலே நிறுத்தம்.
இறங்கிச் சுவரோரம் வாந்தியெடுத்தார்.
அக்கரை தெரியாத ஆற்றின் காற்றில்
நடந்தே திரும்பினோம்.

ஜூலை. அதே படிவம், பேனாகூட அதேதான்.
சமையல்?
யோசித்தார்.
"மூன்று. ஓரம் தடித்துவிடுகிறது.
கொழுப்பு எப்போது காய்ந்தது என்று பிடிபடவில்லை."
வெளியே போய்வருவது?
"இரண்டு. கடைசி நிறுத்தத்துக்கு இன்னும்
இருபத்திரண்டு இருக்கிறது."
அக்கம்பக்கத்தோடு பழகுவது?
மாத்தேயில் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.
நான் உறிஞ்சித் திருப்பித் தரும்வரை பேச்சில்லை.
"ஒன்று போடுங்கள்.
எதிர்வீட்டு நில்தாவுக்கு ஒரு தட்டு கொடுக்கணும்.
கதவுவரை போனேன். கை எழவில்லை."

கழித்தேன்.
வரிசை முழுக்கக் கழித்தல் குறி.
தலைமை அலுவலகத்துக் கணினி சிவப்பில் காட்டியதாம்.
"ஆள் மோசமாகிவிட்டாரா?"
தொலைபேசியில் டாக்டர் இரிகோயென்.
இல்லை டாக்டர்.
"பின்னே?"

மரத்துப்போன கால் வலிப்பதில்லை,
அந்த எட்டு அப்படிப்பட்ட எட்டு
என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
குறிப்புக் கட்டத்தில் நூற்றிருபது எழுத்துக்கு இடமுண்டு.
'கேட்கத் தொடங்கியிருக்கிறார்' என்று எழுதி அனுப்பினேன்.
உடனே மணி அடித்தது: "மறுபடியும் குரல்களா?"
அழித்துவிட்டு, 'ஆசைப்படுகிறார்' என்று மாற்றினேன்.
கணினி அதை ஏற்கவில்லை.
எண்ணில் தரவும் என்றது.

இன்று விடிகாலையிலிருந்து மழை.
என் எண்ணை எங்கே எழுதிவைத்திருந்தாரோ,
வில்மாரே கூப்பிட்டார்.
"கொழுப்பு காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?"
தெரியாது என்றேன், நான் கடையில் வாங்குகிறவள்.
மறுமுனையில் ஏதோ பொரிகிற சத்தம்.

"அப்படியானால் சமையலுக்கு உங்களுக்கு எத்தனை?"

சற்று நேரம் பிடித்தது எனக்கு.
"இரண்டு."

எழுதிக்கொள்கிறார் போலிருந்தது.