மஞ்சிட்டி

வெளிச்சப் பெட்டிக்குள்
பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு மஞ்சள் விளக்கு
மாற்றி மாற்றிப் போட்டு
ஒரே துணி மூன்று நிறமாய்ப் பொய் சொல்வதைப் பிடிப்பது
வீரபாண்டி டையிங்கில் என் வேலை.
பதினோரு வருசம்.
இரண்டு லாட்டுக்கு நடுவில் மயிரிழை பிசகினாலும்
ரிஜெக்ட் எழுதிவிடும் கை.

என் கன்னத்துக்கு மட்டும்
அது எதுவும் எழுதியதில்லை.
சின்னவன் வயிற்றிலிருந்தபோது வந்த மங்கு.
அவன் நாலாவது போய்விட்டான்,
இது அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

கண்ணாடியில் பழுப்பு.
பஸ் ஜன்னலில் சாம்பல்.
நங்கையா கண்ணில்
அட்டக்கரி.

காங்கயம் ரோட்டு ஆயுர்வேத டாக்டர் திலகவேணி
முதலில் முகத்தையே பார்க்கவில்லை.
நாக்கை நீட்டச் சொன்னார்.
மணிக்கட்டில் மூன்று விரல்.
"பசி நேரத்துக்கு வருதுங்களா? தூக்கம்?
சூட்டுப் பக்கமா நிக்கறீங்களா?"
"ஷிப்டுங்க" என்றேன்
மூன்றுக்கும் சேர்த்து.

"தோலுக்கு நெறம் குடுக்கறதுக்குன்னே
ஒரு பித்தம் இருக்குதுங்க. பிராஜகம்னு பேரு."
"எங்க கலர் கிச்சனாட்டங்களா?"
அவர் சிரித்தபோது
அவர் நெற்றியோரமும் லேசாய் மங்கியிருந்தது தெரிந்தது.

புளிப்பு குறைக்கணும். ஊறுகாய் கூடாது.
செஞ்சந்தனம் பாலில் இழைத்து, காய்வதற்குள் கழுவிவிடணும்.
வெய்யிலுக்குத் துப்பட்டா.
கஷாயத்துக்கு ஒரு காகிதப் பொட்டலம்.
"எத்தன நாளுங் ஆகும்?"
"ஒம்போது வருசமா இருக்குது. அவசரப்படுத்தாதீங்க.
முழுசாப் போயிருமுன்னு
நான் சொல்ல மாட்டனுங்."

லேப் மேசையில் வைத்த பொட்டலத்தை
மாஸ்டர் ருத்ரமூர்த்தி மோந்து பார்த்தார்,
ஒரு வேரை ஒடித்தார்,
உள்ளே சிவப்பு.
"அட, மஞ்சிட்டிங்க இது!
சாயவேரு!
இதைய எதுக்குங்க நீங்க வெச்சிருக்கறீங்க?"

நிறத்தை எடுக்க, என்று சொல்ல
வாய் வரவில்லை.

ஷிப்டு முடிந்ததும்
படிகாரத்தில் நனைத்த வெள்ளை நிட் ஒரு துண்டு,
பீக்கரில் ஒரு கைப்பிடி வேர்,
எழுபதுக்கு மேல் போகாத சூடு.
கொதித்தால் பழுப்படிக்கும் என்றார் மாஸ்டர்.
எனக்கு உடனே தெரிந்த ஆள் ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

துணி எழுந்தது:
செங்கல்லும் நாட்டுத் தக்காளியும் சண்டை போடுகிற சிவப்பு.
பெட்டிக்குள் வைத்தேன்.
பகலில் ஒன்று, கடையில் ஒன்று,
வீட்டு விளக்கில் வேறொன்று.
மாஸ்டர் "சேரலீங்க" என்றார்.
ஆமாம். சேரவில்லை.

அந்தத் துண்டை லாட் நம்பர் போடாமல்
ரிஜிஸ்டர் கடைசிப் பக்கத்தில் பின் குத்தினேன்.
ராத்திரி ஷிப்டு வேண்டாமென்ற மனுவும்
அதற்குக் கீழேயே கிடக்கிறது,
ஆபீஸ் இன்னும் வாங்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் கஷாயம்.
நாக்கு துவர்க்கிறது.
பாய்லர் மூச்சு விடுகிற இரண்டரை மணிக்கு
யாருமில்லாத லேபில் குனிந்து
கன்னத்தைப் பெட்டிக்குள் நீட்டுகிறேன்.
பகல்.
கடை.
வீடு.

பேனா காதில் சொருகியபடியே இருக்கிறது.