ஞாயிற்றுக்கிழமைச் சூப்புக்கு அறுபது

நூறு சொல்லுக்கு ஒரு விதை.
இடது கோப்பையிலிருந்து வலது கோப்பைக்கு
கட்டைவிரல் நகமளவு வெள்ளை மொச்சை ஒன்று
இடம் மாறும்.
நாளைக்குப் பத்து, ஆறு நாளைக்கு அறுபது.
சனி இரவு ஊறவைத்து
ஞாயிறு வேகவைத்தால்
ஒருத்தி தாராளமாகச் சாப்பிடலாம்,
இரண்டு பேர் சமாளிக்கலாம்.

யாரும் சொல்லித்தந்ததில்லை.
பிளாவ்திவ் நகரம், திராக்கியா குடியிருப்பு,
எட்டாம் மாடி, லிஃப்ட் ஓடாத பிப்ரவரி.
கடைக்கு இறங்கச் சோம்பி
அலமாரியில் மிஞ்சிய மொச்சை மூட்டையை
வெறித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது.

மற்றதெல்லாம் அதற்குள் செய்து பார்த்தாயிற்று.
மணியடிக்கும் கடிகாரம் வாங்கினேன்,
அடிக்கும்வரை அதையே பார்த்திருந்தேன்.
ஐந்து மணிக்கு எழுந்தேன்,
ஐந்தரைக்கு மேசைமேல் தூங்கினேன்.
பதிப்பாசிரியர் யோர்தான்காவிடம்
கெடு வைக்கச் சொன்னேன். வைத்தாள்.
அந்த நாளும்
மற்ற நாள்களைப் போலவே இருட்டியது.

விதிகள் போகப்போக முளைத்தன.
குளியலறை ஓட்டு நிறுவனத்துக்கு எழுதுவதும் கணக்கில் சேரும்,
வாடகையே அதில்தான்.
ஆனால் ‘காலத்தை வெல்லும் பளபளப்பு’ என்று எழுதிய அன்று
ஒரு விதையை எடுத்துத்
திரும்ப இடப்பக்கம் போட்டேன்.
கடிதங்கள் சேராது.
அடித்துத் தள்ளியவை சேரும்,
எழுதியதைத்தானே அடிக்கமுடியும்.
என் தொடர்கதையில் துப்பறியும் பல்மருத்துவர்
மூன்று வாரமாக ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்;
உள்ளே யார் என்று எனக்கும் தெரியாது.
தட்டியதற்கெல்லாம் விதை உண்டு.

சில வாரம் நாற்பதுதான் தேறும்.
அந்த ஞாயிறுகளில் கரண்டி
கிண்ணத்தின் அடியில் மோதும் ஓசை
கொஞ்சம் உரக்கக் கேட்கும்.
ஒரு வாரம் பதினொன்று.
பக்கத்து வீட்டு பொகோமில் சுவரைத் துளைத்தார்,
தலைவலி,
மின்சாரம் ஒருமுறை போய் வந்தது.
எல்லாம் சொன்னேன்.
பானையிடம் என் பருப்பு வேகவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை
நாற்பத்திரண்டில் நின்றுவிட்டேன்.
மறுநாள் தங்கை வருகிறாள்,
பசியோடு வந்து பழகியவள்.
பதினெட்டு விதைகளை
எழுதாமலே அள்ளிப் போட்டேன்.
பார்க்க யாருமில்லை,
கை மட்டும் ஏனோ அவசரப்பட்டது.

வெங்காயம், காரட், சிவப்பு மிளகாய்த்தூள்,
கடைசியில் காய்ந்த புதினா.
முதல் வாயிலேயே நாக்கால் துழாவினேன்,
எது உழைத்தது, எது திருடியது?
எல்லாம் ஒரே பதத்தில் வெந்திருந்தன.
“தெமெனுஷ்கா, இந்த வாரம் பிரமாதம்”
என்ற ராதோஸ்வெதா
தன் கிண்ணத்தை வழித்துவிட்டு
என் கிண்ணத்தையும் பார்த்தாள்.

அவள் படியிறங்கிப் போன ஓசை
எட்டு மாடிக்கும் கேட்டது.
பானையைத் தேய்த்தபடி நின்றேன்.
மொச்சைக்கு ஒன்றுமே தெரியாது என்றால்
இத்தனை வாரம்
நான் யாருக்குப் பயந்துகொண்டிருந்தேன்?

பதில் வரவில்லை.
திங்கட்கிழமைதான் வந்தது.

வலது கோப்பை காலி.
பதினெட்டு கடன்,
கொடுத்தவர் யாருமில்லை, கேட்பவரும் இல்லை.
உட்கார்ந்தேன்.
பொகோமில் துளைத்தார்.
நானும் துளைத்தேன்.
நல்ல வாக்கியம் என்று இரண்டைச் சொல்லலாம்,
மற்றவை கால்கள், நடப்பதற்கு.
பல்மருத்துவருக்கு யாரும் கதவு திறக்கவில்லை;
ஆனால் தட்டுவதை விட்டுவிட்டுக் குனிந்து
சாவித்துவாரத்தில் கண் வைத்தார்.
அவர் கண்டதை நாளைக்குத்தான் கேட்கவேண்டும்.

ஒரு மணிக்கு எண்ணினேன்: ஆயிரத்து முந்நூறு.
எந்த விதையும் நகரவில்லை,
கடன்தான் ஐந்தாகக் குறைந்தது.
ஓட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது:
‘வழுக்காத தன்மை பற்றி
இருநூறு சொல், மாலைக்குள்.’

சரி.
மீதி மூன்று.