இரண்டு சத்தம்

மேலூரிலிருந்து கொட்டடிப்பட்டிக்கு
கடைசி பஸ் வந்து திரும்பிய பிறகுதான்
நான் பூட்ட வேண்டும்.

மாசித் தேய்பிறை எட்டாம் நாள்.
வீட்டுக்கு ஒருவர் குனிந்து நுழைகிறார்கள்
கல் களஞ்சியத்துக்குள்.
செருப்பு வெளியே, செல்போன் வெளியே,
வெற்றிலை மட்டும் உள்ளே போகலாம்.
போன வருடம் நூற்றுப் பன்னிரண்டு தலை,
இந்த வருடம் தொண்ணூற்று நாலு.
எண்ணுவதும் என் வேலை.

எந்த ராசா, என்ன வரி என்று என்னைக் கேட்காதீர்கள்.
நெல் அளக்காத ஊரை
நெல் இருந்த இடத்தில் அடைத்தான் ஒருத்தன்.
ஒன்பதாம் நாள் விடியலில் கதவு திறந்தது.
எல்லாவற்றையும் பாறையில் வெட்டி வைத்திருந்தார்கள்.
கிரானைட்காரன் பாதிப் பாறையை அறுத்துக்கொண்டு போனான்.
மீதியில் நிற்பது
ஒரு சூலக்குறி,
"திறந்து விட்டமைக்கு" என்று இரண்டு சொல்.
திறந்தவன் பெயர்
ஏதோ ஒரு ஊர் வங்கியின் தரையில்
பளபளவென்று கவிழ்ந்து கிடக்கும்.

அதனால் ஊர் முடிவு செய்தது:
பூட்டியவன் வம்சம் நாங்கள்,
திறந்தவன் வம்சமும் நாங்களே.
இரண்டுக்கும் சேர்த்து
ஒரு மரக்கால் நெல், ஒரு கோடி வேட்டி,
ராத்திரி முழுக்க ஏச்சு.

முன்னாள் தலைவர் சோணைமுத்து எடுத்துக் கொடுப்பார்.
"ஏ சாவிக்காரா, உன் அடுப்பில் எருக்கு முளைக்க!"
இருட்டுக்குள் எல்லாத் தொண்டையும் "முளைக்க" என்னும்.
"உன் கிணற்றில் பூரான் நீந்த!"
"நீந்த."
வாசலில் உட்கார்ந்து நான் ம் கொட்ட வேண்டும்,
பதில் பேசக் கூடாது.
பகலில் இவர்களுக்குத்தான் கேஸ் சிலிண்டர் போடுகிறேன்.
முப்பது ரூபாய் கூலியில் பத்தைக் குறைப்பவர்கள்
ஏச்சில் ஒன்றும் குறைப்பதில்லை.

மாமனார் போய்ச் சேர்ந்தார். ஆண்பிள்ளை இல்லை.
அந்த வீட்டுக்காக இந்த வருடம்
என் பெண்டாட்டி அடைக்கி உள்ளே போனாள்.
இரண்டாம் சாமத்தில் அவள் குரல் வந்தது:
"அடகுக் கடையில என் தாலிக்கொடி
மூணு வருசமாப் பூட்டிக் கிடக்கே சாவிக்காரா,
அதுக்கு எப்பத் திறப்பு?"
"திறப்பு" என்று தொடங்கிய கூட்டம்
பாதியில் சிரித்துவிட்டது.
நான் ம் கொட்டினேன்.
முறை என்றால் முறை.

ஒன்று சொல்ல வேண்டும்.
அன்றைக்கு நான் பூட்டவில்லை.
கதவைச் சாத்தினேன்,
முழ நீளச் சாவியைத் துவாரத்தில் நுழைத்தேன்,
திருப்பவில்லை.
துருவுக்கு மணிக்கட்டு வலித்ததா,
வேறு எதுவுமா,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு விரல் பட்டால் கதவு ஆடியிருக்கும்.
உள்ளே ஒரு பிள்ளை அழுதது.
யாரோ மூத்திரம் முட்டுகிறது என்று கெஞ்சினார்,
மற்றவர்கள் அவரை அதட்டினார்கள்.
கதவுக்கு இந்தப் பக்கம் நான்
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன்.
ஒரு கையும் படவில்லை.
எருக்கு முளைத்தது. பூரான் நீந்தியது.
அழகர்மலைப் பக்கம் வெளுத்தது.

முதல் கோழிக்குத் தப்பு முழங்கியது.
ஊருக்குச் சாவிச் சத்தம் கேட்க வேண்டுமே.
திறப்பதற்காக
அப்போதுதான் பூட்டினேன்.
ஒரு கடக்.
பிறகு திறந்தேன்.
இன்னொரு கடக்.

வழக்கப்படி வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டேன்.
தொண்ணூற்று மூன்று பேர்
கால் படாமல் தாண்டிப் போனார்கள்,
கண் கூச, சேலையும் வேட்டியும் முகத்தில் உரச.
கடைசியில் அடைக்கி.
ஒரு காலை அந்தப் பக்கம் வைத்துவிட்டு
கொஞ்சம் நின்றாள்.

குழாயடியில் கால் கழுவும்போது
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"ரெண்டு தரம் கேட்டுச்சே?"

ம் கொட்டினேன்.

குடத்தை இடுப்புக்கு ஏற்றினாள்.
"யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க.
கிடா வெந்துக்கிட்டிருக்கு."