மஞ்சள் அட்டை

ஜன்னல்களைச் சிமெண்டுச் சாக்கால் அடைத்தாயிற்று.
ஆனி மாதம். தென்காசிப் பக்கமிருந்து கிளம்பும் காற்று
பாளையங்கோட்டை வருவதற்குள் சாரலை எங்கோ தொலைத்துவிட்டு
வெறுங்கையோடு வந்து நிற்கும்.
மூன்று கிராம்கூட இல்லாத பந்தைத் தள்ள
அந்த வெறுங்கையே போதும்.

மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னேன்.
நடுவர் நாற்காலியில் முதுகு நனைகிறது.
எதிர் மூலையில், மடக்கு நாற்காலியில், ஜெபக்கனி.
விளையாட்டு நடக்கும்போது அவள் வாய் திறக்கக் கூடாது.
கேம் முடிந்தால் ஒரு நிமிஷம் பேசலாம்.
அதுவரை துண்டை மடிக்கலாம், பிரிக்கலாம்,
மறுபடியும் மடிக்கலாம்.

நான்கு தடவை மாநிலப் பட்டம் வென்றவள்.
மட்டையைப் பார்த்தே ரயில்வேயில் வேலை கொடுத்தார்கள்.
இந்தூர் அரையிறுதியில் தோளுக்குள் என்னமோ கிழிந்தது,
அதோடு பாதி ஆட்டத்தை இடது கையால் ஆடினாள் என்று
யாரோ சொல்ல, யாரோ மறுக்க,
அவள் மட்டும் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு பழைய உரக் கிடங்கு.
மழை பெய்தால் தரையிலிருந்து இன்னமும் யூரியா வாசம்.
காலை ஐந்தரைக்கு வாளி நிறையப் பந்தோடு நிற்பாள்.
எதிராளிக்கு ஒரு பாயிண்ட் சும்மா தந்திராத கை
வாளி வாளியாகத் தந்துகொண்டிருக்கும்,
அந்த மூலைக்கு, இந்த மூலைக்கு, நெஞ்சுக்கு நேராக.
கொசுவலையைக் கம்பில் கட்டிப் பிள்ளைகள் அள்ளி வருவார்கள்.
'நல்லாருக்கு' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.
'இன்னொண்ணு' என்பாள்.

தொண்ணூற்றொன்றில் மாவட்ட இறுதிப் போட்டி.
அப்போது கேம் இருபத்தொன்றுக்கு.
பத்தொன்பது, பத்தொன்பது.
நான் அடித்தது நீளமாகப் போய்விட்டது.
நடுவர் அவள் பக்கம் கை தூக்கினார்.
அவள்தான் விரலால் மேஜை விளிம்பைத் தொட்டுக் காட்டினாள்:
பட்டது.
கூட்டம் கைதட்டியது. எனக்கில்லை, அவளுக்கு.
எனக்குக் கிடைத்தது அந்தப் பாயிண்ட்தான்.
அடுத்த மூன்றையும் அவள் எடுத்துக்கொண்டாள்.
மறுநாள் பேப்பரில் அவளுடைய விரலைப் பற்றியும் எழுதியிருந்தார்கள்.

இருபது வருஷம் கழித்து, இன்று,
ஐந்தாவது கேம், ஒன்பது, ஒன்பது.
ஜெபக்கனியிடம் படிக்கும் மேலப்பாளையத்து ரஹ்மத் நிஷா.
எதிரே தூத்துக்குடிப் பிள்ளை அடித்த பந்து
விளிம்பில் உரசியதா, பக்கவாட்டில் இடித்ததா,
நான் கண் சிமிட்டியிருக்க வேண்டும்.
ரஹ்மத் பக்கம் என் கை பாதி எழுந்தது.
அவளோ மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

'ஏட்டி, பட்டுட்டு. குடுத்துரு.'

சத்தமாகக்கூட இல்லை.
ஆனால் நான் கேட்டேன்.
இடைவேளைக்கு வெளியே பயிற்சியாளர் பேசினால்
சட்டைப்பையில் இருப்பதை எடுக்க வேண்டும்.
எடுத்தேன். மஞ்சள்.
இருபது வருஷமாக அதைப் பையிலேயே வைத்திருந்தவள் மாதிரி
அத்தனை வேகமாக.

ரஹ்மத் விரலைத் தூக்கினாள்.
ஒன்பது, பத்து.
அடுத்த சர்வீஸை அவள் வலையிலேயே போட்டாள்.
அவள் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்:
'என்ன கோச்சும்மா நீங்க?'
ஜெபக்கனி துண்டை மடித்தாள்.

சாயங்காலம் முருகன்குறிச்சி டீக்கடையில்
அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.
வலது தோளைத் தூக்க முடியாமல்
இடது கையால் டம்ளரை நகர்த்தினாள்.
அட்டையைப் பற்றிக் கேட்பாள் என்றிருந்தேன்.

'அன்னைக்கு நெசமாவே பட்டுச்சா?
எனக்குச் சத்தம் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.'

படவில்லை.
மேஜைக்கும் பந்துக்கும் நடுவே
ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் இருந்தது.
அப்போதே பார்த்தேன், வாங்கிக்கொண்டேன்.

'ஆறிரும், குடி' என்றேன்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
சர்வீஸ் போடப்போகிறவளின் மணிக்கட்டைப்
பார்ப்பதைப் போல.