பக்கத்துக்கு இரண்டு டாலர்

"மனிதகுலம் தோன்றிய நாள் முதல்"
என்று ஆரம்பித்திருந்தான் கார்வின்.
முதல் வேலையாக மனிதகுலத்தை அடித்தேன்.
திமிங்கலத்திலேயே தொடங்கு என்று ஓரத்தில் எழுதினேன்.

சலவைக்கடையில் துணிகள் சுற்றிக்கொண்டிருந்தன.
மெய்ன் மாநிலத்து நவம்பர், நாலு மணிக்கே இருட்டு.
கண்ணாடிக்கு வெளியே, இன்னும் கரையேற்றாத
ஐந்தாறு படகுகளின் விளக்குகள்.
ஏழு பக்கம். பக்கத்துக்கு இரண்டு டாலர்.
எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, ஒழுங்கு.
கருத்துக்கு நான் பொறுப்பல்ல
என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில்
நானே ஒட்டிய தாள் சொல்கிறது.

அவன் கருத்து இது:
கூண்டிலிருந்து மிதவைக்கு ஏறும் கயிறு
இந்தக் கடலில் இனி ஒன்றுகூட நிற்கக் கூடாது.
சிங்கி இறால் பிடிப்பவர்கள்
வேறு தொழில் தேடிக்கொள்ளலாம்.

என் அண்ணன் லைலுக்கு எண்ணூறு கூண்டுகள்.
மஞ்சள் மிதவை, நடுவில் ஒரு பச்சைப் பட்டை.
கார்வினுக்கு இது தெரியாது.
ஒஹையோக்காரன், பதினெட்டு வயதில்தான்
கடலையே முதலில் பார்த்திருக்கிறான்.

இரண்டாம் பக்கத்தில் ஓர் "ஆகவே".
அதற்கு முன்னால் எதுவுமே இல்லை.
காரணத்தைத் தேடிப் போனால்
ஐந்தாம் பக்கத்து அடிக்குறிப்பில் பதுங்கியிருந்தது.
கையைப் பிடித்து அழைத்துவந்து
அதன் இடத்தில் உட்கார வைத்தேன்.
வாக்கியம் சட்டென்று நிமிர்ந்தது.
எனக்கே வயிற்றைக் கலக்கியது.

"ஒருவேளை" நாலு. "நான் நினைப்பது என்னவென்றால்" ஆறு.
எடுக்க எடுக்க அவன் குரல் உயர்ந்தது.
"மிக மிகக் கொடூரமான" என்பதை நீக்கிவிட்டு
எங்கோ புதைத்திருந்த ஒரு கணக்கை முன்னால் வைத்தேன்:
வாலடியில் இறுகிய கயிறு
எலும்புவரை இறங்க எத்தனை மாதம்.
அதற்குப் பெயரடை தேவைப்படவில்லை.

கத்தி தீட்டுகிறவளிடம்
யாரை வெட்ட என்று யாரும் கேட்பதில்லை
என்று சொல்லிக்கொண்டேன்.
உலர்த்தி நின்றுவிட்டது.
எழுந்து இன்னொரு கால் டாலர் போட்டேன்.

ஆறாம் பக்கம், "எதிர்த்தரப்பு" என்று தலைப்பு.
"மீனவர்கள் தங்கள் லாபம் குறையும் எனக் கூறலாம்.
இது சுயநலம்."
அவ்வளவுதான் அண்ணன்.
ஒன்றரை வரி.
அதிலும் லாபத்தில் ஓர் எழுத்து தப்பு.

இப்படியே விட்டால் கட்டுரை
இந்த ஓட்டை வழியாகத்தான் மூழ்கும்.
நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம்.
எழுத்தைத் திருத்திவிட்டு அடுத்த பக்கம் போனால் போதும்.
போனேன். ஏழாம் பக்கம் முழுவதும் திருத்தினேன்.
நூற்பட்டியலை அகரவரிசையில் அடுக்கினேன்.
பிறகு ஆறுக்குத் திரும்பி வந்தேன்.

இங்கே பலவீனம். எதிராளியை ஒழுங்காகப் பேசவிடு.
ஓரம் போதவில்லை, தாளைத் திருப்பினேன்.
கயிறில்லாத கூண்டு என்ன விலை, யார் கட்டுவார்கள்?
இழுத்தால் அறுந்துவிடும் கயிற்றுக்கு
போன வருஷமே மாறியவனுக்கு உன் பதில் என்ன?
படகுக் கடன் பதினொரு வருஷம் பாக்கி இருப்பவனுக்கு
வேறு தொழில் என்றால் எது? எந்த ஊரில்?
கடைசிக் கேள்வியில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

வியாழக்கிழமை புதிய படியோடு வந்தான்.
எதிர்த்தரப்பு ஒரு முழுப் பக்கம்.
அண்ணன் அதில் நன்றாகவே பேசினான்,
வீட்டில் பேசுவதைவிட நிதானமாக, வசை இல்லாமல்.
முதலிரண்டு கேள்விக்கும் கார்வினின் பதில் சரி.
தேவைக்கு மேலேயே சரி.
கடனுக்கு மட்டும்
"இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும்"
என்று ஒரு வாக்கியம் தொடங்கி அப்படியே நின்றது.

"இதைத் தூக்கிடலாமா?" என்றான்.
"மதிப்பெண் போகுமே."

"போகலாம்," என்றேன். "நீதான் முடிவு பண்ணணும்.
கருத்துக்கு நான் பொறுப்பில்லை."

எட்டுப் பக்கம், பதினாறு டாலர்.
சில்லறையாக மாற்றிக்கொண்டு சலவைக்கடைக்குப் போனேன்.
லைலின் சட்டைகள் இன்னொரு மூட்டை இருந்தன.
தூண்டில் மீன் வாடை
மூன்று தடவை துவைத்தால்தான் கொஞ்சம் போகும்.